மூச்சில் போன கதிரியக்கத் தூசி உடம்பில் எங்கே தங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதிர்வீச்சுப் பாதுகாப்பு பற்றி வகுப்பெடுக்கப் போனால் முதல் நாள் எக்ஸ்ரே பற்றிக் கேட்பார்கள், இரண்டாம் நாள் செல்போன் டவர் பற்றி. மூன்றாம் நாள் கடைசி பெஞ்சிலிருந்து யாராவது ஒருவர் "சார், நாயை வச்சு ஏதோ பண்ணாங்களாமே" என்று ஆரம்பிப்பார். அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான், மீதி நேரம் முழுக்க அதுவே ஓடும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

கதிரியக்கத் தூசியை மூச்சில் இழுத்தால் அது உள்ளேயே தங்கிவிடுமா, இல்லை மூச்சோடு வெளியே வந்துவிடுமா?

இரண்டும் நடக்கும். எவ்வளவு தங்கும், எங்கே தங்கும் என்பதைத் தூசியின் அளவுதான் முதலில் முடிவு செய்கிறது. மாவு மில்லில் வேலை பார்ப்பவர் சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் வெள்ளையாக வரும், பார்த்திருப்பீர்கள். பத்து மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட பருந்தூசி பெரும்பாலும் அப்படி மூக்கிலேயே மாட்டிக்கொள்ளும். நுரையீரலின் கடைக்கோடியில் இருக்கும் காற்று நுண்ணறை வரை போகக்கூடியது ஒன்று, இரண்டு மைக்ரான் அளவுத் துகள். அதிலும் எல்லாம் போகாது. ஒரு மைக்ரான் தூசி என்றால் உள்ளிழுத்ததில் பத்தில் ஒரு பங்கு போல நுண்ணறையில் படியும், மீதியில் பெரும்பகுதி வெளிமூச்சோடு திரும்பிவிடும்.

இங்கே அளவு என்று சொல்வது கண்ணால் அளக்கும் அளவு இல்லை, காற்றில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துச் சொல்வது. புளூட்டோனியம் டையாக்சைடு தண்ணீரைவிடப் பதினோரு மடங்குக்கு மேல் கனம். அதனால் ஒரு மைக்ரான் குறுக்களவுள்ள அதன் உருண்டை, காற்றில் 3.4 மைக்ரான் தண்ணீர்த்துளி போல நடந்துகொள்ளும். சின்னதுதானே என்று நினைப்பது மூக்கில் நிற்கும், பெரியது என்று நினைப்பது உள்ளே போகும், இரண்டும் உண்டு.

தங்கினது எப்படித்தான் வெளியே போகும்? இருமினால் போகாதா?

மூச்சுக்குழாயில் படிந்தது என்றால் போகும். அங்கே சளிப்படலம் இருக்கிறது, அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்கள் இருக்கின்றன, மாடிப்படி ஏறுவது போலத் தூசியைத் தொண்டைக்கு ஏற்றிவிடும். நாம் தெரியாமலே அதை விழுங்கிவிடுவோம், ஒன்றிரண்டு நாளில் மலத்தில் போய்விடும். விழுங்கினால் குடலில் உறிஞ்சாதா என்று உடனே கேட்பார்கள். புளூட்டோனியம் டையாக்சைடை ஒரு லட்சம் பங்கு விழுங்கினால் சுமார் ஒரு பங்குதான் ரத்தத்துக்குப் போகும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் வயிறு இங்கே பெரிய கவலை இல்லை.

சிக்கல் நுண்ணறையில். அங்கே சளியும் இல்லை, நுண்மயிரும் இல்லை. சாக்கடை இல்லாத வீடு மாதிரி. விழுங்கு செல்கள் வந்து துகளைச் சில மணி நேரத்திலேயே விழுங்கிவிடும், ஆனால் விழுங்கியதைக் கரைக்க முடியாது. அப்புறம் அந்தச் செல்லுக்கு இரண்டு வழி: மெதுவாக நகர்ந்து சளிப்படலத்தை எட்டிப்பிடிப்பது, அல்லது திசுவுக்குள் இறங்கி நிணநீர் வழியாகப் பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போவது. நெறி கட்டியிருக்கிறது என்று கழுத்தில் தடவிப் பார்ப்போமே, அதே சாதி முடிச்சுகள் மார்புக்குள்ளும் மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கின்றன. மூன்றாவது வழி, துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் கலப்பது. இந்த மூன்றில் எது முந்துகிறது என்பதுதான் மொத்தக் கதையும்.

இதையெல்லாம் யாரை வைத்துக் கண்டுபிடித்தார்கள்?

முக்கியமாக நாய்களை வைத்து. அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் பணத்தில், பீகிள் இன நாய்கள். 1950களின் தொடக்கத்தில் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஊசி போட்டு ஆரம்பித்தார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸில் ஸ்ட்ரான்சியத்தைத் தீனியில் கலந்து கொடுத்தார்கள். மூச்சில் கொடுத்த பெரிய ஆய்வுகள் இரண்டு இடத்தில் நடந்தன: நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் லவ்லேஸ் நிறுவனம், வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்ட் அணு வளாகத்தை ஒட்டிய பசிபிக் வடமேற்கு ஆய்வகம். ஒரு தடவை மூச்சில் கொடுத்துவிட்டு, அந்த நாய் தானாகச் சாகும்வரை பத்துப் பதினாலு வருஷம் பார்த்துக்கொண்டே இருப்பது. ஆய்வை ஆரம்பித்தவர்களில் சிலர் ஓய்வு பெற்ற பிறகும் நாய்கள் உயிரோடு இருந்தன.

மனிதர்களிடம் செய்யவில்லையா என்றால், ஊசி மூலம் செய்திருக்கிறார்கள், அது இன்னும் மோசமான கதை. 1945 முதல் 1947 வரை அமெரிக்காவில் பதினெட்டு நோயாளிகளுக்கு, என்ன போடுகிறோம் என்று ஒழுங்காகச் சொல்லாமலே புளூட்டோனியத்தை ஊசியில் ஏற்றினார்கள். சிறுநீரில் வரும் அளவை வைத்து உடம்பில் இருப்பதைக் கணக்கிடும் முதல் சூத்திரம் அதிலிருந்துதான் வந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போது கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

ஏன் நாய்? எலி மலிவு, வேகமாகப் பெருகும், எலி போதாதா?

எலியிலும் நிறையச் செய்தார்கள். ஆனால் எலியின் நுரையீரல் ரொம்பச் சுறுசுறுப்பு. கரையாத துகளில் பாதியை இரண்டு மாதம் போல ஆனதும் எலி வெளியே தள்ளிவிடும். நாயும் மனிதனும் அப்படி இல்லை. மனித நுரையீரலுக்கு 1994இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட கணக்கு மாதிரியில், நுண்ணறையில் படிந்ததை மூன்று பங்காகப் பிரித்தார்கள்: ஒரு பங்குக்கு அரைக்காலம், அதாவது பாதி வெளியேற ஆகும் காலம், சுமார் 35 நாள், பெரிய பங்குக்குச் சுமார் 700 நாள், மீதிச் சிறு பங்குக்கு 7,000 நாள். ஏழாயிரம் நாள் என்றால் பத்தொன்பது வருஷம்! எலியின் ஆயுளே இரண்டு மூன்று வருஷம். எலியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் மனிதனின் நுரையீரலில் தங்குவதை ரொம்பக் குறைத்து மதிப்பிட்டிருப்பார்கள்.

கினிப் பன்றி விஷயத்தில் ஒரு வேடிக்கை. அதுவும் எலி போலக் கொறிக்கும் பிராணிதான், ஆனால் துகளை வெளியேற்றுவதில் நாயைப் போல மெதுவானது. உருவ ஒற்றுமையை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. பீகிளைப் பிடித்ததற்கு வேறு காரணங்களும் உண்டு: ஒரே அளவு, சுமார் பத்துக் கிலோ, குட்டை முடி, நீண்ட ஆயுள். அப்புறம் சாது. கடிக்காது. அந்தச் சாதுத்தனம்தான் அதற்கு வினையாகிப் போனது.

நாய்க்கு எப்படிக் கொடுத்தார்கள், கூண்டுக்குள் புகை போட்டார்களா?

அப்படிச் செய்தால் முடியெல்லாம் ஒட்டிக்கொள்ளும், நாய் நக்கும், வயிற்றுக்குள் போகும், கணக்கு கெடும். அதனால் மூக்கு மட்டும் காற்றுக்குழாய்க்குள் நுழையும்படி வைத்துக் கொடுத்தார்கள். உடம்பு தனிப் பெட்டிக்குள் இருக்கும், அந்தப் பெட்டியின் காற்று மாற்றத்தை வைத்து நாய் எத்தனை தடவை, எவ்வளவு மூச்சு இழுக்கிறது என்று அளப்பார்கள்.

துகள் தயாரித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. லவ்லேஸில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண்ணை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் களிமண் கரைசலில் இருக்கும் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். சீரியம் 144 வேண்டுமா, அதில் ஊறவை. ஸ்ட்ரான்சியம் 90 வேண்டுமா, அதில் ஊறவை. பிறகு கூழைப் பன்னீர் தெளிப்பது போல நுண்துளிகளாகத் தெளித்து, ஆயிரத்துச் சொச்சம் டிகிரி சூடான உலைக்குழாய் வழியாக அனுப்பினால், துளி காய்ந்து, உருகி, கண்ணாடி உருண்டையாக வெளியே வரும். கதிரியக்கப் பொருள் கண்ணாடிக்குள் பூட்டப்பட்டுவிட்டது, லேசில் கரையாது. உருண்டை ஒன்றுதான், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றலாம். இந்தக் களிமண் உருண்டையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு தடவை வருகிறது.

நாயை அறுக்காமல் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

உடம்பைத் தாண்டி வெளியே வரும் காமா கதிரை விடும் பொருள் என்றால் சுலபம். கனமான கவசத்துக்குள் நாயைப் படுக்கவைத்து, சுற்றிலும் உணரிகளை வைத்து எண்ணிவிடலாம். முதல் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று எண்ணிக்கொண்டே போனால் இறங்குகோடு கிடைக்கும். கூடவே சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகச் சேகரித்து எண்ணுவார்கள். மலத்தில் வந்தால் சளி வழியாக ஏறி வந்தது, சிறுநீரில் வந்தால் கரைந்து ரத்தத்துக்குப் போனது. குத்துமதிப்பான பிரிப்புதான், ஆனால் வேலைக்கு ஆகும்.

புளூட்டோனியத்தில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. அதன் ஆல்ஃபா கதிர் திசுவில் நாற்பது மைக்ரான் போலத்தான் போகும், நாயின் தோலைத் தாண்டி வெளியே வரவே வராது. அதனால் ஒரே மாதிரி மூச்சில் கொடுத்த நாய்களில் சிலவற்றைக் குறித்த நாட்களில் கொன்று, உறுப்பு உறுப்பாகச் சாம்பலாக்கி எண்ணினார்கள். வரைபடத்தில் ஒரு புள்ளி என்றால் ஒரு நாய்.

புளூட்டோனியத்தின் அரைவாழ்வு 24,000 வருஷம். அப்போ உடம்பிலும் 24,000 வருஷமா?

உடம்பே அவ்வளவு நாள் இருக்காது. இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று அணு தானாகச் சிதையும் வேகம், இன்னொன்று உடம்பு வெளியேற்றும் வேகம். இரண்டும் சேர்ந்துதான் குறைக்கும், ஆகவே எது சீக்கிரமோ அதன் கையே ஓங்கும். கணக்கு: இரண்டு அரைக்காலத்தையும் பெருக்கு, அந்த இரண்டின் கூட்டுத்தொகையால் வகு. சீரியம் 144 பாதி சிதைய 285 நாள். நுரையீரல் பாதியை வெளியேற்ற 500 நாள் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கி வகுத்தால் சுமார் 182 நாள் வரும். புளூட்டோனியம் 239க்கு 24,110 வருஷத்தையும் 700 நாளையும் போட்டால் விடை கிட்டத்தட்ட அதே 700 நாள், சிதைவு கணக்கிலேயே வராது.

களிமண் உருண்டையின் அருமை இங்கேதான் தெரியும். அதே உருண்டை, அதே அளவு, உள்ளே இட்ரியம் 90 இருந்தால் 64 மணி நேரத்தில் பாதி, இட்ரியம் 91 என்றால் 58 நாள் சொச்சம், சீரியம் 285 நாள், ஸ்ட்ரான்சியம் 90 என்றால் கிட்டத்தட்ட 29 வருஷம். நுரையீரலைப் பொறுத்தவரை நாலும் ஒரே தூசிதான். ஆனால் ஒன்று பட்டாசு போல வெடித்து முடிந்துவிடுகிறது, இன்னொன்று உமிக்கரி போல வருஷக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கிறது. மொத்தமாக ஒரே அளவு கதிர்வீச்சை ஒரு வாரத்தில் வாங்குவதும் மூன்று வருஷத்தில் வாங்குவதும் ஒன்றா என்ற கேள்வியை இப்படித்தான் சோதித்தார்கள். ஒன்றில்லை. வேகமாக வாங்கிய நாய்கள் நுரையீரல் அழற்சியில் சீக்கிரம் செத்தன. மெதுவாக வாங்கியவை அதைத் தாண்டி, மொத்தத்தில் அதிக அளவைத் தாக்குப்பிடித்து, பல வருஷம் கழித்துப் புற்றுநோய்க்கு வந்து நின்றன.

எல்லாக் கதிரியக்கப் பொருளும் நுரையீரலில்தான் தங்குமா?

இல்லை, கரையாமல் இருந்தால்தான். கரைந்துவிட்டால் நுரையீரல் வெறும் வாசற்படி, உள்ளே போன பிறகு ஒவ்வொன்றும் தன் சொந்தக்காரர் வீட்டைத் தேடிப் போகும். ஸ்ட்ரான்சியம் கால்சியத்துக்குப் பங்காளி, எலும்புக்குப் போகும். சீசியம் பொட்டாசியத்தின் சாயல், தசை முழுக்கப் பரவும். அயோடின் தைராய்டுக்கு. புளூட்டோனியம் ஈரலுக்கும் எலும்பின் மேற்பரப்புக்கும். அதனால்தான் யாராவது "புளூட்டோனியம் எத்தனை நாள் தங்கும்" என்று மொட்டையாகக் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை, எந்த உருவில் என்று திருப்பிக் கேட்பேன். நைட்ரேட்டாக மூச்சில் போனால் நுரையீரலை விட்டு வேகமாகக் கிளம்பி எலும்புக்குப் போகும், அதிகச் சூட்டில் உருவான ஆக்சைடாகப் போனால் நுரையீரலிலேயே பாய் விரித்துவிடும். ஹான்ஃபோர்ட் நாய்களில் இதை அப்பட்டமாகப் பார்த்தார்கள்: நைட்ரேட் வாங்கிய நாய்களுக்கு எலும்புப் புற்று, ஆக்சைடு வாங்கியவற்றுக்கு நுரையீரல் புற்று.

புளூட்டோனியம் 239க்கு நுரையீரல் புற்று, புளூட்டோனியம் 238க்கு எலும்புப் புற்று என்று படித்தேன். இரண்டும் ஆக்சைடுதான், ஒரே வேதியியல். அப்புறம் எப்படி?

நல்ல கேள்வி, இதில்தான் நிறையப் பேர் வழுக்குவார்கள். வேதியியல் ஒன்று, சூடு வேறு. 238இன் அரைவாழ்வு 87.7 வருஷம்தான், அதனால் கிராமுக்குக் கிராம் அதன் கதிரியக்கம் 239ஐவிடச் சுமார் 270 மடங்கு. ஒரு மைக்ரான் உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 239 டையாக்சைடு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரம் ஆல்ஃபா, அதாவது ஒன்றரை நிமிஷத்துக்கு ஒன்று போல. 238 என்றால் வினாடிக்கு மூன்றுக்கும் மேல். அந்த உருண்டை தன்னைத்தானே உள்ளிருந்து குண்டு போட்டு உடைத்துக்கொள்கிறது.

நாயின் நுரையீரலில் முதல் சில மாதம் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று. அப்புறம் 238 திடீரென்று நுரையீரலை விட்டுக் கிளம்ப ஆரம்பித்தது. உருண்டை நொறுங்கி, மேற்பரப்பு கூடி, கரைந்து, ஈரலுக்கும் எலும்புக்கும் போய்ச் சேர்ந்தது. முதல் மாதத்தோடு ஆய்வை மூட்டை கட்டியிருந்தால் இரண்டும் ஒன்று என்றுதான் எழுதியிருப்பார்கள். 238 பற்றி ஏன் அவ்வளவு அக்கறை என்றால், விண்கலங்களுக்கு மின்சாரம் தரும் அணு பேட்டரியில் இருப்பது அதுதான். 1964 ஏப்ரலில் அப்படி ஒரு பேட்டரியைச் சுமந்த அமெரிக்கச் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டாமல் வளிமண்டலத்தில் எரிந்து, சுமார் ஒரு கிலோ புளூட்டோனியம் 238 உலகம் முழுக்கத் தூசியாகப் பரவியது.

நிணநீர் முடிச்சில் போய்ச் சேர்கிறது என்றால் அங்கேதானே முதலில் புற்று வரணும்?

எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஆக்சைடு வாங்கிய நாய்களில், வருஷங்கள் போகப் போக மார்பு நிணநீர் முடிச்சுகளில் கிராமுக்கு உள்ள அளவு நுரையீரலைத் தாண்டிப் போய்விட்டது. ஆனால் முடிச்சில் புற்று பிறந்தது மிக அரிது. முடிச்சு சுருங்கித் தழும்பாகிவிட்டது, பிரிந்து பெருகச் செல்கள் மிச்சமில்லை. ரத்தத்தில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறைந்ததுதான் இந்த நாய்களில் முதலில் தென்பட்ட மாற்றம். எங்கே அதிகம் தங்குகிறதோ அங்கேதான் நோய் என்று வைத்துக்கொண்டால் இங்கே தப்பாகிவிடும்.

ஒரே ஒரு புளூட்டோனியத் துகள் போதும், புற்றுநோய் நிச்சயம் என்கிறார்களே?

இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1974இல் டாம்ப்ளின், காக்ரன் என்ற இருவர், துகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து சுற்றியுள்ள சில செல்களை மட்டும் சுட்டுக்கொண்டே இருப்பதால் ஆபத்து பல மடங்கு கூடுகிறது, ஆகவே அனுமதி அளவை 1,15,000இல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். காதில் விழும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் விலங்குகள் அப்படிச் சொல்லவில்லை. சிரிய வெள்ளெலிகளின் ரத்தநாளத்தில் புளூட்டோனியம் அடங்கிய நுண்ணுருண்டைகளைச் செலுத்தி நுரையீரலில் சிக்கவைத்துப் பார்த்தார்கள், எதிர்பார்த்த மாதிரி புற்று கொத்துக்கொத்தாக வரவில்லை. துகளை ஒட்டிய செல்கள் மிகையான கதிரில் செத்துவிடுகின்றன என்பது ஒரு விளக்கம்.

மனிதர்களிடமும் சான்று இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லாஸ் அலமோஸில் புளூட்டோனியம் உள்ளே போன 26 பேரைப் பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். அந்த மனுவின் கணக்கு சரி என்றால் அவர்களில் பெரும்பாலோர் நுரையீரல் புற்றில் போயிருக்க வேண்டும், அப்படி நடக்கவில்லை. மனு ஏற்கப்படவில்லை. அதற்காக ஒரு துகள் ஒன்றும் செய்யாது என்று நான் சொன்னதாக வெளியே போய்ச் சொல்லாதீர்கள். அளவு கூடக்கூட வாய்ப்பு கூடும், அது நாய்களிலும் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

உள்ளே போனதை எடுக்க வழியே இல்லையா?

கரைந்து ரத்தத்தில் இருந்தால் இருக்கிறது. டிடிபிஏ என்ற மருந்து புளூட்டோனியத்தையும் அமெரிசியத்தையும் கவ்விப் பிடித்துச் சிறுநீரில் தள்ளிவிடும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் அனுமதித்தது. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. சீசியத்துக்குப் பிரஷியன் நீலம், அது ஓவியர்கள் பயன்படுத்தும் அதே நீல நிறமிதான். ஆனால் நுரையீரலில் கரையாமல் உட்கார்ந்திருக்கும் ஆக்சைடை டிடிபிஏ தொடக்கூட முடியாது. பூட்டிய பெட்டிக்குள் இருப்பதை வெளியே நின்று எப்படிப் பிடிப்பது?

அதற்கு லவ்லேஸ் நாய்களில் முயன்ற வழி நுரையீரலைக் கழுவுவது. மயக்க மருந்து கொடுத்து, ஒரு பக்க நுரையீரலில் உப்புக்கரைசலை ஊற்றி வடித்து, விழுங்கு செல்களை அவை விழுங்கிய துகளோடு வெளியே கொண்டுவருவது. பல தடவை கழுவினால் பாதி அளவுக்கு எடுக்க முடிந்தது. மீதி திசுவுக்குள் இறங்கியாயிற்று.

கதிரியக்கத் தூசி உள்ளே போன மாட்டின் பாலைக் குடித்தால், கறியைத் தின்றால் நமக்கும் வருமா?

மேலே சொன்ன சொந்தக்காரர் வீட்டுக் கணக்குதான். புளூட்டோனியம் மூச்சில் போன மாட்டின் தசையில் மிகக் குறைவு, நுரையீரல், ஈரல், எலும்பில்தான் இருக்கும். சீசியம் என்றால் தலைகீழ், கறியில்தான் இருக்கும். அயோடின் பாலில். ஆனால் நிஜ விபத்துகளில் மாடு வாங்குவது பெரும்பாலும் மூச்சில் இல்லை, புல்லில். மேய்கிற பிராணிக்கு வாய்தான் பெரிய வாசல்.

மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருக்கிறதே, கடற்கரையில் நடந்தால் நுரையீரலில் போகுமா?

குமரிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் என்ற தாதுவில் பத்து சதவீதத்தை ஒட்டித் தோரியம் இருப்பது உண்மை. ஆனால் முதல் பதிலைப் பாருங்கள்: கடல்மணல் பரல் நூறு மைக்ரானுக்கு மேல், மூக்கையே தாண்டாது. மணலைப் பிரித்து அரைக்கும் ஆலைத் தூசி வேறு விஷயம், முகக்கவசமும் காற்றோட்டமும் அங்கேதான் தேவை. தோரியத்திலிருந்து வரும் தோரான் வாயுவையும் கவனிக்கணும், ஆனால் அதன் அரைவாழ்வு 56 வினாடிகூட இல்லை, திறந்த வெளியில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். காற்றோட்டமில்லாத கிடங்கில்தான் பேச்சே.

சீசியம் கரையும், தசைக்குப் போகும் என்றீர்கள். ஃபுகுஷிமாவில் கரையாத சீசியம் கண்டுபிடித்தார்களாமே?

ஆமாம். 2011 விபத்தின்போது காற்றிலிருந்து பிடித்த தூசியில், ஒன்றிரண்டு மைக்ரான் அளவில் உருண்டை உருண்டையாகச் சீசியத் துகள்கள் இருந்ததை 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சீசியம் சிலிக்காக் கண்ணாடிக்குள் பூட்டப்பட்டிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது லவ்லேஸின் களிமண் உருண்டை. உலைக்குழாயில் மனிதர் வேண்டுமென்றே செய்ததை, ஃபுகுஷிமாவில் உருகிய உலை தானாகச் செய்துவிட்டது.

சாதாரணச் சீசியம் என்றால் மனித உடம்பில் பாதி வெளியேற நூறு நாள் போல, அதுவும் உடம்பு முழுக்கப் பரவி. கண்ணாடிக்குள் இருக்கும் சீசியம் நுண்ணறையில் படிந்தால் மேலே சொன்ன 700 நாள் பாதையில் போகும், கதிரையும் நுரையீரல்தான் வாங்கும். அதே சீசியம், அதே அணு, உறை மாறியதும் உறுப்பே மாறிவிடுகிறது. மொத்தச் சீசியத்தில் இந்த உருண்டைகளின் பங்கு இடத்துக்கு இடம் மாறும், அதனால் எல்லாக் கணக்கும் தப்பு என்று பதறவும் வேண்டாம்.

நாய்க்கு வந்தது மனிதனுக்கும் அப்படியே வரும் என்று எதை வைத்து நம்புவது?

அப்படியே வராது, எலி பற்றிய பதிலில் சொன்னதே போதும். ஆனால் எந்த உறுப்புகள் என்பதில் நாய் சொன்னது பலித்தது. ரஷ்யாவின் மாயக் ஆலையில் 1948 முதல் புளூட்டோனியம் பிரித்தெடுத்த தொழிலாளர்களிடம் பிற்காலத்தில் கூடுதலாகத் தெரிந்தவை நுரையீரல், ஈரல், எலும்புப் புற்றுகள். நாய்களிலும் அதே மூன்றுதான்.

எவ்வளவு நாள் தங்கும் என்பதற்கும் மனிதச் சான்று உண்டு. 1965 அக்டோபர் 15 அன்று கொலராடோவின் ராக்கி ஃபிளாட்ஸ் ஆயுத ஆலையில் நடந்த தீயில் சுமார் 25 பேர் அதிகச் சூட்டில் உருவான ஆக்சைடை மூச்சில் இழுத்தார்கள். அது நுரையீரலை விட்டு நகர மறுத்தது, பத்தாண்டுகள் கழித்தும் இருந்தது. அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய ஒரு பதிவகம், இப்படிப்பட்ட தொழிலாளர்கள் இறந்தபின் தானம் தந்த உடல்களை ஆராய்ந்துவருகிறது. அந்த முடிவுகளையும் பழைய நாய்த் தரவுகளையும் சேர்த்துத்தான் பிற்பாடு நுரையீரல் மாதிரியைத் திருத்தினார்கள். நுரையீரலில் கரைந்த புளூட்டோனியத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு திசுவோடேயே ஒட்டிக்கொண்டு ஆயுளுக்கும் நகராது என்பது அந்தத் திருத்தங்களில் ஒன்று.

கடைசியா ஒண்ணு சார், அந்த நாய்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

எல்லாம் செத்துவிட்டன, அது ஆய்வின் பெயரிலேயே இருக்கிறது, ஆயுட்கால ஆய்வு. ஒன்றும் கொடுக்கப்படாத ஒப்பீட்டு நாய்களும் பதினாலு வருஷம் போல வாழ்ந்து அங்கேயே முடிந்தன. அவையும் வெளி உலகத்தைப் பார்த்ததில்லை. டேவிஸில் செத்த நாய்களின் உடல்கள் கதிரியக்கக் கழிவாகக் கணக்கில் எழுதப்பட்டு, பீப்பாய்களில் அடைத்து ஹான்ஃபோர்டுக்குப் புதைக்க அனுப்பப்பட்டன. இந்த நாய்களைக் கொல்லாமல் இதைத் தெரிந்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டால், சிலவற்றை முடியாது, ஆனால் இத்தனை ஆயிரம் தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். ஒரே கேள்வியை நாலு ஆய்வகம் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

திசுக்கள் மட்டும் மிஞ்சின. விரல் நகம் அளவு துண்டுகளாக மெழுகுக் கட்டிகளில் பதித்து வைத்தவை, கூடவே கண்ணாடித் தகடுகள், ஒவ்வொரு நாய்க்கும் பிறந்த நாள் முதல் பிரேதப் பரிசோதனை வரை கட்டுக்கட்டாகக் காகிதம். ஆய்வகங்கள் மூடப்பட்டபோது குப்பைக்குப் போக இருந்தவற்றில் பெரும்பகுதி இப்போது சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இன்றைக்கும் யாராவது எழுதிக் கேட்டு, ஒரு கட்டியிலிருந்து மெல்லிய சீவல் வாங்கி, அந்தக் காலத்தில் இல்லாத கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள்.